கேமரா ஏன் திறக்கவில்லை?

சோழவரம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஏரி நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்கு, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் ஆண்டுதோறும் நடந்த மோட்டார் பந்தயம் நினைவுக்கு வரும். இன்று அந்தப் பக்கம் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கிடங்குகள்தான். செங்குன்றத்தில் அரிசி ஆலைகளும் மண்டிகளும் தொடங்கி, சோழவரம், காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை என்று கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை தேசிய நெடுஞ்சாலை 16-ஐ ஒட்டி தகரக் கூரைகள் நீண்டு கிடக்கின்றன. வாசலில் கன்டெய்னர் லாரி, உள்ளே மூட்டையோ இரும்போ அட்டைப்பெட்டியோ, கம்பத்தின் மேல் கேமரா.

அந்தக் கேமராவை முதலாளி அண்ணா நகரில் இருந்தபடி செல்போனில் பார்க்க வேண்டும். கிடங்குக் கம்ப்யூட்டரில் இருக்கும் டேலி கணக்கை வீட்டிலிருந்து திறக்க வேண்டும். வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வைத்துக் குடும்பப் புகைப்படங்களைச் சேமிக்கும் பொறியியல் மாணவருக்கும் இதே தேவைதான். வெளியிலிருந்து உள்ளே வர ஒரு நிலையான பெயர் வேண்டும். அந்தப் பெயரைத் தருவதுதான் டைனமிக் டிஎன்எஸ். கேமரா மாட்டுகிறவர்கள் அதை ‘டிடிஎன்எஸ்’ என்பார்கள். அது பழுதாகும் நாளில் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“தம்பி, கேமரா மறுபடியும் ஓப்பன் ஆகலப்பா. போன வாரந்தான சரி பண்ணிட்டுப் போன?”

“டிடிஎன்எஸ் அப்டேட் ஆகலண்ணா. மோடத்த ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

மோடத்தை அணைத்துப் போட்டதும் சில சமயம் சரியாகிவிடும், பல சமயம் ஆகாது. சரியானாலும் எதனால் சரியானது என்று இருவருக்குமே தெரியாது. அடுத்த மின்தடைக்குப் பிறகு அதே அழைப்பு மீண்டும் வரும். இந்தச் சுற்றை நிறுத்த பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. பழுது எந்த இடத்தில் என்பதை முதலில் பிரித்துப் பார்த்தால் போதும்.

இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு, அது ஐபி முகவரி. எண்களை மனிதரால் நினைவில் வைக்க முடியாது என்பதால் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். பெயரைச் சொன்னால் எண்ணைத் திருப்பித் தரும் ஏற்பாடு அது. அந்தக் காலத்தில் எண்கள் எளிதில் மாறவில்லை. வீடுகளுக்கு இணையம் வந்தபோது நிலைமை மாறியது. மோடத்தை அணைத்துப் போட்டால் வேறு எண், சில நிறுவனங்களில் நாளுக்கு ஓர் எண். எண் மாறும்போதெல்லாம் பெயர்ப் பதிவையும் தானாகவே மாற்றும் வழிமுறை 1997 ஏப்ரலில் ஆர்எஃப்சி 2136 என்ற ஆவணமாக வெளிவந்தது. பொதுமக்களுக்கான சேவைகள் அதைவிட எளிய வழியைப் பிடித்தன. கிடங்கில் கேமராக் காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆரோ ரவுட்டரோ குட்டிக் கம்ப்யூட்டரோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் முகவரியைப் பார்க்கும். மாறியிருந்தால் பயனர் பெயர், கடவுச்சொல்லோடு சேவை நிறுவனத்துக்கு ஒரு வலை அழைப்பு அனுப்பும். அந்த அழைப்பைத்தான் ‘அப்டேட்’ என்கிறார்கள்.

கேமரா திறக்கவில்லை என்றதும் எல்லோரும் இந்த அப்டேட்டைத்தான் குற்றவாளி ஆக்குகிறார்கள். உண்மையில் அது குற்றவாளியாக இருப்பது சில நேரங்களில் மட்டுமே. கண்டுபிடிக்க ஒரு தாளில் மூன்று எண்களை எழுத வேண்டும்.

முதல் எண் ரவுட்டருக்குள் இருக்கிறது. அதன் அமைப்புப் பக்கத்தில் ‘வான் ஐபி’ அல்லது ‘இன்டர்நெட் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் நான்கு பகுதிகளாக ஓர் எண் தெரியும். இரண்டாவது, உலகம் உங்கள் இணைப்பை எந்த எண்ணாகப் பார்க்கிறது என்பது. அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடினால் கிடைக்கும். முக்காற்புள்ளிகளோடு நீளமாக ஒன்று தெரிந்தால் அது ஐபிவி6. இந்தச் சோதனைக்கு வேண்டியது புள்ளிகள் கொண்ட பழைய வகை ஐபிவி4. மூன்றாவது, உங்கள் டிடிஎன்எஸ் பெயர் இப்போது எந்த எண்ணைக் காட்டுகிறது என்பது. கம்ப்யூட்டரின் கட்டளைத் திரையில் ‘என்எஸ்லுக்அப்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம்விட்டுப் பெயரைக் கொடுத்தால் வந்துவிடும்.

மூன்றும் ஒன்றாக இருந்தால் அப்டேட் சரியாக நடந்திருக்கிறது. கோளாறு போர்ட்டிலோ ஃபயர்வாலிலோ வேறிடத்திலோ இருக்கிறது. முதல் இரண்டும் ஒன்றாக இருந்து மூன்றாவது மட்டும் வேறாக இருந்தால்தான் அப்டேட் உண்மையிலேயே நின்றிருக்கிறது. முதல் எண்ணும் இரண்டாவது எண்ணும் வேறு வேறாக இருந்தால்? அங்கேயே நிறுத்திவிட வேண்டும். டிடிஎன்எஸ் கணக்கை மாற்றுவது, புது டிவிஆர் வாங்குவது, கடவுச்சொல்லை மாற்றுவது எதுவும் அங்கே பலிக்காது.

புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்குகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவது நிலையில்தான். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஐபிவி4 முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான் உண்டு. உலக அளவிலான கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி மண்டலப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டை இறுக்கியது. இந்தியாவில் இணையம் பெருமளவில் பரவியது அதற்குப் பிறகுதான். ஜியோ வந்ததே 2016 செப்டம்பரில். ஆளுக்கோர் எண் கொடுக்கக் கையில் எண் இல்லை. அதனால் நிறுவனங்கள் ஒரே பொது எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர்.

வீட்டில் போன் இல்லாத காலத்தில் பக்கத்து மளிகைக் கடை எண்ணை ‘பி.பி. நம்பர்’ என்று கொடுத்து வைப்பார்கள் அல்லவா, அதுதான் இது. நாம் கடைக்குப் போய் யாரையும் கூப்பிட்டுப் பேசலாம். நமக்கு வரும் அழைப்பு கடைக்காரரிடம் போகும். அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டால்தான் நாம் பேச முடியும். சிஜிநாட்டில் அப்படி ஆள் அனுப்புகிறவர் யாரும் இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பு நிறுவனத்தின் பெட்டியோடு நின்றுவிடும், கிடங்குக்கு வந்து சேராது. யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும், வங்கிச் செயலி ஓடும். எல்லாமே உள்ளிருந்து வெளியே போகிறவை. கேமராவைப் பார்க்கும் வழி மட்டும் அடைபட்டிருக்கும். “நெட் நல்லாத்தான வருது” என்று முதலாளி சொல்வதில் தவறே இல்லை.

இதை அடையாளம் காண ஒரு நல்ல தடயம் உண்டு. 2012 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 6598 இந்தப் பங்கீட்டுக்கென்றே 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான எண்களை ஒதுக்கியது. ரவுட்டரின் வான் ஐபி அந்த எல்லைக்குள் இருந்தால் சந்தேகமே வேண்டாம், சிஜிநாட்தான். 10-இல் தொடங்கும் எண்ணைக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. 192.168 என்று தொடங்கினால் வேறு கதை. ஃபைபர்காரர் மாட்டிய ஓஎன்யூ பெட்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்ய, அதன் பின்னால் கடைக்காரர் சொந்தமாக வாங்கிய இன்னொரு ரவுட்டரும் இருக்கும். இரண்டு கதவுகளில் ஒன்றை மட்டும் திறந்து வைத்துவிட்டு உள்ளே வரமுடியவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஓஎன்யூவை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொன்னால் ஒரு கதவு குறையும். மாற்றிய பிறகு வான் ஐபியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். பின்னால் சிஜிநாட் ஒளிந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

இனி, உண்மையிலேயே அப்டேட் நின்றுபோகும் நிலைக்கு வருவோம். இதில் முதல் சந்தேகம் மின்தடை மேல்தான் விழ வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பிற்பகல் வரை மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் வந்ததும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். ராஸ்பெரி பை சீக்கிரமே எழுந்துவிடும். ஓஎன்யூ ஒளியைப் பிடித்து, நிறுவனத்தோடு பேசி, புது எண் வாங்க அதைவிட அதிக நேரம் ஆகலாம். அதற்குள் ராஸ்பெரி பையில் இருக்கும் அப்டேட் நிரல் ஒருமுறை முயன்று தோற்றிருக்கும். சரியாக அமைக்கப்பட்ட நிரல் சில நிமிடங்களில் மீண்டும் முயலும். இயந்திரம் விழிக்கும்போது ஒரே ஒரு முறை ஓடும்படி எழுதி வைத்தது அன்றோடு சரி. முதலாளி மோடத்தை அணைத்துப் போட்டதும் கேமரா ‘சரியாவது’ எதனால் என்பதும் இங்கே புரிகிறது. டிவிஆரோ ரவுட்டரோ இணைப்பு புதிதாக வந்ததைக் கண்டு அப்டேட்டை மறுபடி அனுப்புகிறது, அவ்வளவுதான்.

லினக்ஸ் பயனர்கள் பரவலாக வைத்திருக்கும் டிடிகிளையன்ட் என்ற நிரலிலும் இரண்டு இடங்களில் சறுக்கல் வரும். கடைசியாக அனுப்பிய எண்ணை அது ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். எண் மாறவில்லை என்று அந்தக் கோப்பு சொன்னால் அனுப்பாது. சேவைத் தளத்தில் யாரோ கையால் எண்ணை மாற்றியிருந்தால் கோப்புக்கு அது தெரியாது. நிரல் ‘எல்லாம் சரி’ என்று பேசாமல் இருக்கும், பெயரோ தவறான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினால் தீரும். இரண்டாவது சறுக்கல், எண்ணை எங்கிருந்து படிப்பது என்ற அமைப்பில். பிணைய அட்டையிலிருந்து படிக்கச் சொல்லியிருந்தால் அது 192.168 என்ற உள்வீட்டு எண்ணைக் கொண்டுபோய் உலகத்துக்கு அறிவித்துவிடும். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் இயந்திரம் வெளித் தளம் ஒன்றைக் கேட்டுத்தான் தன் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேவை நிறுவனம் என்ன பதில் சொல்கிறது என்பதைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. பதில் ஒரே ஒரு சொல்தான், அதிலேயே பாதி விடை இருக்கும். பரவலாகப் பயன்படும் டின்டிஎன்எஸ்2 முறையில் ‘குட்’ என்று வந்தால் எண் மாற்றப்பட்டது. ‘நோ சேஞ்ச்’ என்பதன் சுருக்கம் வந்தால் பழைய எண்ணேதான், மாற்ற ஒன்றுமில்லை. ‘பேட்ஆத்’ என்றால் கடவுச்சொல் தவறு. ‘நோஹோஸ்ட்’ என்றால் அப்படி ஒரு பெயரே உங்கள் கணக்கில் இல்லை. ‘அப்யூஸ்’ என்று வந்தால் தேவையில்லாமல் அடிக்கடி கதவைத் தட்டியதற்காகத் தடை போட்டிருக்கிறார்கள். பதற்றத்தில் பத்து விநாடிக்கு ஒருமுறை அனுப்பும்படி மாற்றி வைப்பவர்களுக்கு இந்தப் பதில் கிடைக்கும். டக்டிஎன்எஸ் சேவையில் இன்னும் சுருக்கம்: சரி என்றால் ‘ஓகே’, இல்லையென்றால் எழுத்தைத் திருப்பிப் போட்டு ‘கேஓ’.

பழைய டிவிஆர்களில் இன்னொரு கோளாறு உண்டு. திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். 2000 ஜனவரி 1 என்றோ 1970 என்றோ காட்டினால், உள்ளே இருக்கும் காயின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பின்னுக்கு ஓடுகிறது. பாதுகாப்பான வலை இணைப்பு எதிர்முனையின் சான்றிதழில் உள்ள தேதியைச் சரிபார்க்கும். டிவிஆரின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் இணைப்பை மறுத்துவிடும், அப்டேட்டும் போகாது. திருட்டு நடந்தால் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய பதிவிலும் அதே தவறான தேதிதான் இருக்கும். அதற்காகவாவது பேட்டரியை உடனே மாற்ற வேண்டும்.

மூன்று எண்ணும் ஒன்றாகவே இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை என்கிறவர்கள் முதலில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயல வேண்டும். கிடங்குக்குள் உட்கார்ந்துகொண்டு கிடங்கின் வெளி முகவரியையே கூப்பிட்டால் சில ரவுட்டர்கள் திருப்பி அனுப்பத் தெரியாமல் விழிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். உள்ளிருந்து சோதித்த ஊழியர் பழுது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

அடுத்து, பெயர்ப் பதிவுக்கு ஆயுள் உண்டு. 60 விநாடி என்று வைத்திருந்தால் மாற்றம் சீக்கிரம் பரவும். ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தால் வழியில் உள்ள சர்வர்கள் அதுவரை பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அமைப்புகளைக் கலைத்தால் நன்றாக இருந்ததும் கெடும்.

ஐபிவி6 பதிவு ஒன்று பழையதாகவே தங்கிவிடுவதும் உண்டு. இன்றைய செல்போன்கள் ஐபிவி6-க்கே முன்னுரிமை தருகின்றன. டிடிஎன்எஸ் நிரல் ஐபிவி4 பதிவை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால், கம்ப்யூட்டரில் திறக்கும் கேமரா செல்போனில் திறக்காது. ஒரே பெயர் ஓர் இடத்தில் வேலை செய்து மற்றோர் இடத்தில் செய்யாவிட்டால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

இத்தனையும் நம் பக்கத்துப் பழுதுகள். சேவை நிறுவனத்தின் பக்கமே முழுதாக இருண்டுபோன நாட்களும் உண்டு. அமெரிக்காவின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் மாணவர்கள் 1990-களின் இறுதியில் தொடங்கிய டின்டிஎன்எஸ், 2014 மே மாதம் இலவசக் கணக்குகளை மூடியது. அதையே நம்பி அமைக்கப்பட்ட பழைய டிவிஆர்களின் பட்டியலில் அந்தப் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. மறு மாதமே, 2014 ஜூன் 30-ஆம் தேதி, நெவாடா மாநிலக் கூட்டாட்சி நீதிமன்ற உத்தரவோடு நோ-ஐபி என்ற இன்னொரு டிடிஎன்எஸ் நிறுவனத்தின் இருபதுக்கும் மேற்பட்ட டொமைன்களை மைக்ரோசாஃப்ட் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. கணினி வைரஸ் பரப்புகிறவர்கள் அந்தப் பெயர்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் அந்தப் பெயர்களைத் தேடி வந்த கேள்விகளின் சுமையை மைக்ரோசாஃப்டின் சர்வர்கள் தாங்கவில்லை. எந்தத் தவறும் செய்யாதவர்களின் பெயர்களும் பதில் சொல்லாமல் நின்றன. பாதிக்கப்பட்ட பெயர்கள் 40 லட்சம், வாடிக்கையாளர்கள் 18 லட்சம் என்றது நோ-ஐபி. சில நாட்களில் டொமைன்கள் திரும்பிவிட்டன. அந்த நாட்களில் தன் ரவுட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு பழுது எங்கே என்று தெரிந்திருக்க வழியே இல்லை. சேவையின் நிலைமைப் பக்கத்தை முதலில் பார்க்கும் பழக்கம் இதனால்தான் தேவைப்படுகிறது.

இன்னொரு நாள் இதைவிடக் கவலைக்குரியது. 2016 அக்டோபர் 21 அன்று, டின்டிஎன்எஸ்ஸை நடத்திய டின் நிறுவனத்தின் மீது பெரும் தாக்குதல் நடந்து ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியவை மிராய் என்ற நச்சு நிரல் பிடித்த கருவிகள். அவற்றில் சிசிடிவி கேமராக்களும் டிவிஆர்களும் ஏராளம். தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கருவிகளை, அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் சேர்க்கைகளைப் போட்டுப் பார்த்தே அந்த நிரல் பிடித்தது. சோழவரத்தில் ஒரு கிடங்கின் டிவிஆரை ‘அட்மின்’, ‘12345’ என்றே வைத்து இணையத்துக்குத் திறந்துவிடுவதன் விலை அந்தக் கிடங்கோடு முடிவதில்லை. இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாகியிருக்கிறது. ஏற்கெனவே கம்பத்தில் ஏறிவிட்ட கேமராக்களுக்கு அந்தக் காவல் இல்லை.

ஆகவே டிவிஆரின் போர்ட்டை நேரடியாக வெளியே திறந்துவிடும் பழைய பழக்கத்தையே கைவிடுவது நல்லது. ஒரே ஒரு விபிஎன் வாசல் போதும். வயர்கார்ட் என்ற விபிஎன் முறை 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது; பல ரவுட்டர்களில் இப்போது அதுவும் உண்டு. டிடிஎன்எஸ் பெயர் அந்த வாசலை மட்டும் காட்டட்டும். கேமரா, டேலி, புகைப்படங்கள் எல்லாம் அதன் உள்ளே பாதுகாப்பாக இருக்கும். சிஜிநாட்டில் மாட்டியவர்கள் டெயில்ஸ்கேல், கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சேவைகளைப் பார்க்கலாம். அவை உள்ளிருந்து வெளியே இணைப்பைத் தொடங்குவதால் பொது எண் இல்லாமலே வேலை செய்கின்றன. இல்லையென்றால் கூடுதல் கட்டணம் கட்டி ஸ்டேடிக் ஐபி வாங்கலாம்; தொழில் நடத்துகிறவருக்கு அது வீண் செலவு ஆகாது.

நிரந்தரத் தீர்வு ஐபிவி6-தான். இந்தியா இதில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. இணையப் பயனர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் ஐபிவி6 போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த முறையில் கிடங்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் தர முடியும், பங்கீடே வேண்டியதில்லை. ஆனால் செல்போன் சேவையில் காட்டிய வேகம் எல்லா ஃபைபர் இணைப்புகளிலும் இல்லை. ஐபிவி6 கொடுத்தும் உள்ளே வரும் இணைப்பை ரவுட்டரிலேயே அடைத்து வைத்து, திறக்க வழி சொல்லாத நிறுவனங்களும் இருக்கின்றன. மாதச் சந்தா கட்டுகிற வாடிக்கையாளருக்குத் தன் இணைப்பு எந்த வகை என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. வேகத்தையும் விலையையும் பெரிய எழுத்தில் போடுகிற விளம்பரத்தில் இதையும் போடவேண்டும்.

அதுவரை, புது இணைப்பு வாங்குமுன் கேபிள்காரரிடமோ வாடிக்கையாளர் சேவையிடமோ மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்: “இந்த லைனுக்கு பப்ளிக் ஐபி உண்டா, சிஜிநாட்டா? ஐபிவி6 வருதா, வெளியிலிருந்து வர்ற கனெக்‌ஷனைத் திறக்க முடியுமா? ஸ்டேடிக் ஐபி வேணும்னா மாசம் எவ்வளவு?”